அனாமத்துக் கணக்கு

உங்களுக்கும் அந்தச் செய்தி வந்திருக்கும். வரவில்லை என்றால் உங்கள் போனில் ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

சிதம்பரம் நடராஜரின் கால் பெருவிரல் இருக்கிற இடம்தான் உலகத்தின் காந்த நடுக்கோட்டுக்கு மையப் புள்ளியாம். மேல்நாட்டு விஞ்ஞானிகள் எட்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்து, அசந்துபோய்க் கை கூப்பினார்களாம். நம் முன்னோர்கள் எந்தக் கருவியும் இல்லாமல் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்களாம். கீழே நாலைந்து கும்பிடும் கைகள். 'பெருமைப்படுங்கள், பகிருங்கள்!'

எனக்கு இதை அனுப்பியவர் என் பெரியப்பா. திருப்பாதிரிப்புலியூரில், பாடலீஸ்வரர் கோயிலிலிருந்து நாலு தெரு தள்ளி வீடு. வயசு எழுபத்தெட்டு. அரசாங்க வேலையில் கணக்குப் பிரிவிலேயே முப்பத்தாறு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். பத்தாவது முடித்துவிட்டுத் திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்த என்னைக் காமர்ஸ் குரூப்பில் சேர்த்துவிட்ட புண்ணியவானும் அவர்தான்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவர் போட்ட ஐந்தாவது நிமிஷம் நான் பதில் போட்டேன். 'இது சுத்தப் புளுகு. காந்த மையம் என்றால் காம்பஸ் முள் அங்கே கிறுகிறுவென்று சுற்ற வேண்டும். சிதம்பரத்தில் சுற்றுகிறதா? இல்லையே!' கூடவே வயிறு வெடிக்கச் சிரிக்கும் பொம்மை ஒன்று.

தம்பி, தங்கைமார்கள் கட்டைவிரல் உயர்த்தினார்கள். பெரியப்பாவிடமிருந்து பதில் இல்லை. மறுநாள் அவருடைய தாமரைப்பூ காலை வணக்கமும் இல்லை. ஒரு வாரம் கழித்துப் பெரியம்மா கூப்பிட்டார். "என்னாடா எழுதித் தொலைச்ச? மனுஷன் போனையே தொடமாட்டேங்கறாரு."

உண்மையைச் சொன்னதற்கு இந்தத் தண்டனையா என்று எனக்கும் கோபம்தான். சரி, நம் பக்கத்தை இன்னும் பலமாக்கிக்கொள்வோம் என்று சிதம்பரத்தில் இருக்கும் ஒரு நண்பருக்குப் போன் போட்டேன். இயற்பியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். என் பதிலைப் படித்துக் காட்டினேன்.

"அந்தச் செய்தி தப்பு" என்றார். எனக்குக் குஷி.

"உங்க பதிலும் தப்பு" என்றார். குஷி போய்விட்டது.

அவர் சொன்னதை என்னைப் போன்ற பி.காம் மூளைக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். நாம் பார்க்கிற காம்பஸ் முள் வடக்கு தெற்காக மட்டும் திரும்பும். அதையே மேலும் கீழும் சாயும்படி தொங்கவிட்டால், காந்தத் துருவத்தில் குத்தீட்டி மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும். துருவத்தை விட்டு விலக விலகச் சாய்வு குறையும். ஓர் இடத்தில் துளிகூடச் சாயாமல் தராசுக்கோல் போலப் படுத்திருக்கும். அப்படிப்பட்ட இடங்களையெல்லாம் சேர்த்து உலகைச் சுற்றி ஒரு கோடு இழுத்தால், அதுதான் காந்த நடுக்கோடு. அங்கே முள் கிறுகிறுவென்று சுற்றாது. சாதாரண காம்பஸ் ஒழுங்காக வடக்கைக் காட்டிக்கொண்டிருக்கும்!

"அந்தக் கோடு நம்ம நாட்டுல தென்கோடியில, திருவனந்தபுரம், திருநெல்வேலி பக்கமா போகுது. சிதம்பரத்துலேருந்து சுமார் முந்நூறு கிலோமீட்டர் தெற்கே. தும்பாவுல ராக்கெட் ஏவுதளம் வச்சதே அதுக்காகத்தான். 1963 நவம்பர் 21, முதல் ராக்கெட். சரி, கோடு இங்கேயே போகுதுன்னு வச்சிக்குங்க. பூமியைச் சுத்திப்போற வளையத்துக்கு அந்த வளையத்து மேலேயே ஒரு மையப் புள்ளி எப்படிங்க இருக்கும்?"

ஆக, செய்தி பொய். அதை மறுக்க நான் சொன்ன காரணமும் பொய். விடை சரி, வழி தப்பு. பரீட்சையில் பக்கத்து பையனைப் பார்த்து எழுதியவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? பெரியப்பா யாரோ சொன்னதைச் சரிபார்க்காமல் அனுப்பினார். நான் எனக்குத் தோன்றியதைச் சரிபார்க்காமல் அனுப்பினேன். அவர் கும்பிடும் கை போட்டார், நான் சிரிக்கும் பொம்மை போட்டேன்.

வெட்கத்தில் கொஞ்சம் படித்தேன். படித்ததில் பாதியாவது உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், உண்மைக் கதை அந்தப் பொய்க் கதையைவிடப் பிரமாதமாக இருக்கிறது.

பழைய சைக்கிள் டைனமோ ஞாபகம் இருக்கிறதா? பின் டயரை உரசிக்கொண்டு சுற்றும். வேகமாக மிதித்தால் விளக்கு பளிச், மெதுவாக மிதித்தால் மங்கல். உள்ளே ஒரு காந்தம், பக்கத்தில் ஒரு கம்பிச் சுருள். அவ்வளவுதான். காந்தத்தை அசைத்தால் கம்பியில் மின்சாரம் வரும் என்று 1831-ல் மைக்கேல் ஃபாரடே காட்டினார். மின்சாரம் ஓடினால் அதைச் சுற்றிக் காந்தம் பிறக்கும் என்று 1820-லேயே ஓர்ஸ்டெட் காட்டியிருந்தார். ஒன்று மற்றதைப் பெறும். மற்றது இதைப் பெறும்.

இப்போது உங்கள் காலுக்குக் கீழே பாருங்கள். சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் இரும்பும் நிக்கலும் உருகிய ஒரு கடல். அதற்கும் நடுவில், 1,220 கிலோமீட்டர் ஆரத்தில் கெட்டியான ஓர் இரும்பு உருண்டை. நிலநடுக்க அலைகள் வரும் விதத்தை வைத்தே அந்த உருண்டை இருப்பதை 1936-ல் கண்டுபிடித்தவர், டென்மார்க்கைச் சேர்ந்த இங்கே லேமன் என்ற அம்மையார்.

இரும்பு என்றதும், உள்ளே பெரிய காந்தக் கட்டி இருக்கிறது என்று நான் நினைத்தேன். இல்லை. 770 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் இரும்புக்குக் காந்த குணம் போய்விடும். அங்கே வெப்பம் பல ஆயிரம் டிகிரி. பிறகு காந்தம் எங்கிருந்து வந்தது? உலையில் அரிசி கொதிக்கிற மாதிரி, உருகிய இரும்பு மேலே வந்து கீழே போய்க் கொதித்துக்கொண்டே இருக்கிறது. பூமி சுழல்வதால் அந்த ஓட்டம் முறுக்கிக்கொண்டு ஓர் ஒழுங்குக்கு வருகிறது. ஏற்கெனவே இருக்கிற காந்தத்துக்குள் இரும்பு ஓடுவதால் மின்சாரம். அந்த மின்சாரத்தால் மறுபடி காந்தம். சம்பாதித்த வட்டியையே முதலில் போட்டுப் போட்டு ஓடுகிற கணக்கு இது. பூமி இந்த டைனமோவைச் சுமார் 350 கோடி வருஷமாக மிதித்துக்கொண்டிருக்கிறது என்கிறார்கள்.

கொதிக்கிற உலை சும்மா இருக்குமா? அதனால் காந்தமும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. வட காந்தத் துருவம் கனடாவிலிருந்து கிளம்பி ரஷ்யா பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. காந்த நடுக்கோடும் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. சுமார் 7,80,000 வருஷங்களுக்கு முன்னால் வடக்கும் தெற்குமே தலைகீழாக மாறியிருக்கின்றன. அப்படி ஓடிக்கொண்டிருக்கிற ஒரு கோட்டைக் கொண்டுவந்து கோயிலுக்கு அஸ்திவாரமாகப் போடுகிறோம். கோடு நகர்ந்தால் கோயில் என்ன ஆவது?

இத்தனையையும் மூட்டை கட்டிக்கொண்டு, அடுத்த சனிக்கிழமை ரயிலேறித் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் இறங்கினேன்.

பெரியப்பா திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "வாப்பா" என்றார். 'வாடா' இல்லை. கவனியுங்கள்.

"பெரியப்பா, நான் போட்ட பதில் தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நான் போட்டது சரியா?"

"அதுவும் தப்பு."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பெரியம்மா காபி கொண்டுவந்து வைத்தார். பிறகு பெரியப்பா கேட்டதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம்.

"பொய்யாவே இருக்கட்டும்டா. யாருக்கு என்னா நஷ்டம்? அதைப் படிச்சிட்டு நாலு பசங்க கோயிலுக்குப் போவான். நம்ம ஜில்லா பேரு நாலு பேருக்குத் தெரியும். குத்தமில்லாத நல்லது நடந்தா பொய்யையும் மெய்யோட சேர்த்துக்கலாம்னு வள்ளுவரே சொல்லியிருக்காரு இல்ல?"

நல்ல கேள்வி. நீங்களும் நானும் தினமும் நம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. யாரையும் ஏமாற்றிக் காசு பறிக்காத, கேட்பவர் மனசுக்கு இதமான, நம் ஊருக்குப் பெருமை சேர்க்கிற ஒரு பொய்யில் அப்படி என்ன பாவம் இருக்கிறது?

வள்ளுவர் கொஞ்சம் கறாரான ஆடிட்டர். நன்மை என்று மட்டும் சொல்லவில்லை. குற்றம் கலக்காத நன்மை என்று நிபந்தனை போட்டிருக்கிறார். இந்தப் பொய் அந்த நிபந்தனையில் தேறுமா?

எனக்கு 2004 ஞாபகம் வந்தது. அப்போது நான் புது நிருபர். டிசம்பர் 26 சுனாமி முடிந்து நாலு நாள். தேவனாம்பட்டினத்தில் மணலும் கண்ணீரும் இன்னும் ஈரமாகவே இருந்தன. டிசம்பர் 30 அன்று, மறுபடியும் சுனாமி வரலாம் என்று ஓர் எச்சரிக்கை. தமிழ்நாட்டுக் கரையோரமே ஓடியது. நிவாரணமாக வந்த அரிசியை அப்படியே போட்டுவிட்டு ஓடிய ஓர் அம்மாவை நான் பார்த்தேன். நிபுணர்கள் சொன்னார்கள் என்பதுதான் அந்த எச்சரிக்கைக்கு ஆதாரம். அதற்கு அறிவியல் அடிப்படையே இல்லை என்று பிற்பாடு தெரிந்தது.

"நடராஜர் விரலுக்கும் இதுக்கும் என்னாடா சம்பந்தம்?" என்றார் பெரியப்பா.

"சொன்ன விஷயத்துக்குச் சம்பந்தம் இல்ல பெரியப்பா. நம்புற பழக்கத்துக்குச் சம்பந்தம் இருக்கு. 'விஞ்ஞானிங்க சொல்லிட்டாங்க'ன்னா எந்த விஞ்ஞானி, எங்கே சொன்னாருன்னு கேட்காத பழக்கம். சந்தோஷமான பொய்யில பழகுன பழக்கம், பயமுறுத்துற பொய் வரும்போது மட்டும் மாறிடுமா?"

அவர் தலையாட்டவில்லை. மறுக்கவும் இல்லை. அந்த நேரம் பார்த்துப் பேத்தி டியூஷன் முடிந்து வந்தாள். ஒன்பதாம் வகுப்பு. குடும்பக் குழுவில் அவளும் இருக்கிறாள் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். செருப்பைக் கழற்றிக்கொண்டே, விளையாட்டாகத்தான் கேட்டாள்.

"தாத்தா, அப்ப அப்பர் கல்லுல மிதந்து வந்தாருன்னு சொன்னீங்களே, அதுவும் ஃபார்வர்டுதானா?"

பெரியப்பாவின் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது.

எங்கள் ஊர்க் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். திருநாவுக்கரசரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட, அந்தக் கல்லே தெப்பமாகி அவரைத் திருப்பாதிரிப்புலியூரில் கரை சேர்த்தது. கரையேறவிட்ட குப்பம் என்று ஓர் இடமே இருக்கிறது. பெரியப்பாவுக்கு இது தெருக்கோடி விஷயம், மூச்சு மாதிரி. இத்தனை நூற்றாண்டில் அந்தக் கல்லின் அடர்த்தி என்ன, கடல்நீரின் உப்பு எவ்வளவு என்று எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை. கேட்காதது முட்டாள்தனத்தால் அல்ல. அது வேறு கணக்குப் புத்தகம் என்று எல்லோருக்கும் தெரியும். சாகக் கிடக்கிறவனுக்கு ஒரு துணை உண்டு என்பது அந்தக் கதை. அதற்கு மேல்நாட்டு விஞ்ஞானியின் கையெழுத்து தேவைப்படவில்லை.

பெருவிரல் செய்தி என்ன செய்தது பாருங்கள். நம்பிக்கைக்கு உதவி செய்கிறேன் பேர்வழி என்று, அதைச் சர்டிபிகேட் வாங்கும் க்யூவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. சர்டிபிகேட் போலி என்று தெரிந்ததும், அந்தக் குழந்தை அடுத்த கேள்வியை அப்பர் மேல் கேட்கிறது. அதற்கடுத்தது தாத்தா மேல் வரும். குற்றமில்லாத நன்மையா இது?

ஐரோப்பாவின் அணு ஆராய்ச்சிக் கூடமான செர்னில் 2004-ல் ஒரு நடராஜர் சிலை வைத்தார்கள். இந்தியா கொடுத்த பரிசு. அணுத்துகள்கள் தோன்றி மறைகிற ஆட்டத்துக்கு அவன் ஆட்டம் ஓர் அழகான உவமை என்று வைத்தார்கள். நடராஜர் விரலில் துகள் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. உவமையில் இரண்டு பக்கத்துக்கும் மரியாதை இருக்கிறது. போலி ஆதாரத்தில் இரண்டு பக்கத்துக்கும் இல்லை.

பேத்தி உள்ளே போன பிறகு பெரியப்பா மெல்லிய குரலில் கேட்டார். "அப்ப நம்ம பக்கத்துல பெருமைப்பட ஒண்ணுமே இல்லையாடா?"

அந்தக் கேள்விக்குத்தான் நான் மூட்டையை அவிழ்த்தேன்.

காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும். ஐந்தொகையில் இரண்டு விதமாகத் தப்பு பண்ணலாம். இல்லாத சொத்தை இருப்பதாகக் காட்டலாம். இருக்கிற சொத்தைக் காட்டாமலே விடலாம். நாம் இரண்டையும் ஒரே சமயத்தில் பண்ணிக்கொண்டிருக்கிறோம்.

காட்டாமல் விட்டது ஒன்று: உலகமே சேர்ந்து பூமியை அளந்த சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டு 1957-58. அப்போது சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் ஒரு காந்த அளவு நிலையம் அமைத்தார்கள். காந்த நடுக்கோட்டுக்கு மேலே, சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில், பகல் வேளையில் ஆகாயத்தில் மின்சாரம் ஆறு மாதிரி ஓடுகிறது. அதன் அகலத்தை எப்படி அளப்பது? கோட்டுக்குப் பக்கத்தில் திருவனந்தபுரம், கொஞ்சம் தள்ளிக் கொடைக்கானல், இன்னும் தள்ளி அண்ணாமலை நகர் என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதாவது, சிதம்பரம் அந்தக் கோட்டின் மேல் இல்லை என்பதே அந்த ஆராய்ச்சிக்கு உதவியது! அங்கே இப்போது அளவெடுப்பு இல்லை. ஆனால் அந்த அளவுகளை வைத்து எழுதிய கட்டுரைகள் இருக்கின்றன.

"அந்தப் பக்கம் பஸ்ஸுல எத்தனை தடவை போயிருப்பேன்" என்றார் பெரியப்பா.

காட்டாமல் விட்டது இரண்டு: நம் ஊரேதான். கி.பி. 458-ல், காஞ்சியைப் பல்லவ மன்னன் சிம்மவர்மன் ஆண்டபோது, பாடலிகா என்ற ஊரில் சர்வநந்தி என்ற சமண முனிவர் 'லோகவிபாகம்' என்ற நூலை எழுதி முடித்தார். உலகம் எப்படிப் பிரிந்து அமைந்திருக்கிறது என்று சமண மரபின்படி சொல்லும் நூல். பிராகிருத மூலம் கிடைக்கவில்லை. சிம்மசூரி செய்த சம்ஸ்கிருத வடிவம் கிடைத்திருக்கிறது. பூஜ்யத்தோடு கூடிய இடமதிப்பு முறையில் எண்களைச் சொல்லும், வருஷம் தெரிந்த மிகப் பழைய ஆதாரங்களில் ஒன்றாகக் கணித வரலாற்றில் அதைச் சொல்கிறார்கள். அந்தப் பாடலிகாதான் திருப்பாதிரிப்புலியூர் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்பரும் தருமசேனர் என்ற பெயரில் சமணராக இருந்தது இங்கேதான்.

பெரியப்பா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "பூஜ்யமா? நம்ம ஊர்லயா? இதை ஏண்டா யாரும் ஃபார்வர்டு பண்ணல?"

அதுதான் எனக்கும் புரியவில்லை. லோகவிபாகம் சொல்லும் உலகப் படம் இன்று சரியில்லைதான். இருக்கட்டுமே. தனக்குத் தெரிந்த வரைக்கும் நேர்மையாகக் கணக்குப் போட்டுத் தேதியும் போட்டு வைத்தவர் அவர். தப்பாகப் போவது அவமானம் இல்லை. தேதி போடாமல், பேர் போடாமல், 'மேல்நாட்டு விஞ்ஞானி' என்று எழுதுவதுதான் அவமானம்.

விஞ்ஞானிகளும் தப்புப் பண்ணுகிறார்கள். பூமியின் நடு உருண்டை மேல்பரப்பைவிட வேகமாகச் சுழல்கிறது என்று 1996-ல் ஸாங், ரிச்சர்ட்ஸ் என்ற இருவர் எழுதினார்கள். 2023-ல் அதே ஸாங், இன்னொருவரோடு சேர்ந்து, அந்த வித்தியாசம் ஏறக்குறைய நின்றுவிட்டது என்று எழுதினார். 'பூமியின் மையம் நின்றுவிட்டது' என்று பத்திரிகைகள் அலறின. நின்றது அப்படியல்ல. பக்கத்துத் தண்டவாளத்தில் அதே வேகத்தில் ஒரு ரயில் வந்தால் அது நிற்கிற மாதிரி தெரியுமே, அப்படி. 2024-ல் வேறொரு குழு, இப்போது அது கொஞ்சம் பின்தங்குகிறது என்றது. யாரும் பழைய கட்டுரையைக் கிழித்துப் போடவில்லை. மேலே புதுப் பதிவு எழுதிக்கொண்டே போகிறார்கள்.

"அதுதாண்டா முறை" என்றார் பெரியப்பா, பழைய கணக்கராகி. "பேரேட்டுல அடிச்சுத் திருத்தக் கூடாது. பிழைத் திருத்தப் பதிவுன்னு தனியா போடணும்."

பிறகு, விடாமல், "காளஹஸ்தி, காஞ்சிபுரம், சிதம்பரம் மூணும் ஒரே தீர்க்கரேகைன்னு போட்டிருந்துச்சே, அதுவும் பொய்யா?" என்றார்.

பார்த்தேன். மூன்றும் கிட்டத்தட்ட 79.7 டிகிரியில்தான் இருக்கின்றன. பொய் இல்லை. தெரிந்து கட்டினார்களா, தற்செயலா? எனக்குத் தெரியாது என்றேன்.

"அப்ப அதை அனாமத்துல போட்டு வை" என்றார்.

காமர்ஸ் படிக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. கணக்கு இடிக்கும்போது, காரணம் தெரியாத தொகையை லாபத்திலும் சேர்க்காமல் நஷ்டத்திலும் சேர்க்காமல் தனியாக ஒரு தலைப்பில் வைப்பார்கள். அதுதான் அனாமத்துக் கணக்கு. காரணம் தெரிந்ததும் உரிய இடத்துக்கு மாற்றுவார்கள். தெரியும் வரை அங்கேயே காத்திருக்கும். என்னைக் கேட்டால், நம் ஒவ்வொருவர் மூளையிலும் இப்படி ஓர் அனாமத்துக் கணக்கு இருக்க வேண்டும். நமக்குப் பிடித்த செய்திக்கும் சரி, பிடிக்காத செய்திக்கும் சரி. பெரியப்பா பிடித்திருந்தது என்பதற்காக லாபத்தில் சேர்த்தார். நான் பிடிக்கவில்லை என்பதற்காக நஷ்டத்தில் தள்ளினேன். இரண்டு பேருக்கும் காந்த ஊசி பற்றி ஒன்றும் தெரியாது.

அன்று ராத்திரி ரயிலில் உட்கார்ந்து குழுவில் எழுதினேன். 'சென்ற வாரம் காம்பஸ் முள் சுற்ற வேண்டும் என்று நான் எழுதியது தவறு. சிரித்ததும் தவறு.'

பத்து நிமிஷம் கழித்துப் பெரியப்பாவிடமிருந்து வந்தது. பழைய செய்தியை அழிக்கவில்லை. அதன் கீழேயே போட்டிருந்தார்.

'பிழைத் திருத்தம். காந்த நடுக்கோடு சிதம்பரம் வழியாகப் போகவில்லை. தென்கோடி வழியாகப் போகிறது. தீர்க்கரேகை விவரம் அனாமத்தில் உள்ளது. நடராஜரைப் பார்க்க எப்போதும் போல வரலாம்.'

மறுநாள் காலையில் தாமரைப்பூ வந்தது.